திருகோணமலையில் காலாற நடக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லீவுக்கு ஊர் வருகிறவர்கள், வேலை மாற்றலாகி இங்கே வந்து சேர்ந்தவர்கள், சீனி கூடிவிட்டது நடவுங்கள் என்று டொக்டர் சொல்லி அனுப்பியவர்கள், பிள்ளைகளை ஒரு நாளாவது போனிலிருந்து பிரித்தெடுக்க நினைக்கும் பெற்றோர் எனப் பலரும் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நகருக்குள் நடக்கக்கூடிய இடங்களும், மாவட்டத்துக்குள் ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய இடங்களும் மட்டுமே இதில் உள்ளன.

திருகோணமலையில் நடப்பதற்கென்றே போட்ட பாதைகள் உண்டா?

ஹோர்ட்டன் சமவெளியில் இருப்பதுபோல பலகை நட்டு, தூரம் எழுதி, இந்த வழியால் போய் அந்த வழியால் திரும்பு என்று காட்டும் பாதைகள் இங்கே இல்லை. நாம் நடப்பதெல்லாம் வேறு வேலைக்காக ஏற்கெனவே உண்டான வழிகளில்தான். கோணேசர் கோயிலுக்கு ஏறும் வீதி, கரைவலை இழுக்கும் மணல், குளக்கட்டு, வயல் வரம்பு, மாடு சாய்த்துக்கொண்டு போகும் காட்டுத்தடம். ஒவ்வொன்றிலும் அன்றாடம் புழங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே நன்றாக நடக்க வேண்டுமென்றால் முதலில் மனதில் பிடிபட வேண்டியது இதுதான்.

"அண்ணை, இந்தப் பக்கத்தால போகலாமோ?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வழியோடு சேர்த்து, நேற்றிரவு யானை எங்கே நின்றது, எந்த மதகில் தண்ணீர் ஏறிவிட்டது, எந்த வளவில் நாய் பாயும் என்று போனில் உள்ள வரைபடம் சொல்லாத தகவலும் வந்து சேரும். தமிழ், முஸ்லிம், சிங்களக் கிராமங்கள் அடுத்தடுத்து வரும் மாவட்டம் இது. கேட்டுவிட்டு நடப்பவரிடம் எந்த ஊரிலும் முகம் சுளிப்பதை நான் பார்த்ததில்லை. கேட்காமல் வளவுக்குள்ளால் குறுக்கே போகிறவரைத்தான் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

ஒரே ஒரு காலைதான் கையில் இருக்கிறது. எங்கே போவது?

கோட்டையும் கோணமலையும். கோட்டை வாசலிலிருந்து மேலே கோயில் வரை ஒரு கிலோமீற்றருக்குக் கிட்டத்தான் வரும். ஓட்டோவில் ஏறி நேரே கோயிலடியில் போய் இறங்குகிறவர்கள் வழியில் உள்ளதையெல்லாம் தவறவிடுகிறார்கள்.

வாசலிலேயே கொஞ்சம் நில்லுங்கள். போர்த்துக்கீசர் 1624 அளவில் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லையே கொண்டு கோட்டை கட்டினார்கள். பிறகு அது ஒல்லாந்தர் கைக்குப் போனது, 1795இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், 1803இல் பிரட்றிக் கோட்டை என்ற பெயர் வந்தது. இடித்த கோயிலின் கல் ஒன்று வாசலில் இன்னமும் இருக்கிறது. இரண்டு கயல்மீன், கூடவே தேய்ந்துபோன தமிழ் எழுத்து. குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பின்னால் பறங்கி வந்து பிரிப்பான் என்று சொல்லும் பாட்டின் துண்டு அது. உற்றுப் பார்த்தால்தான் கண்ணுக்குப் படும். பிள்ளைகளோடு போனால் அவர்களையே தேடிக் கண்டுபிடிக்க விடுங்கள்.

உள்ளே வீதி மெல்ல மெல்ல ஏறும். ஆலமரங்களின் கீழ் புள்ளிமான்கள் கூட்டமாகப் படுத்திருக்கும். கோட்டைக்குள் இராணுவ முகாம் இருப்பதால் கட்டடங்களையும் காவலரணையும் படம் எடுக்கக்கூடாது. மேலே கடைத்தெரு தாண்டியதும் செருப்பைக் கழற்ற வேண்டும். பாடல் பெற்ற தலம், நாள் முழுக்க அடியார்கள் வந்து போகும் இடம். காற்சட்டை, கையில்லாச் சட்டையோடு நடக்க வந்தவர்கள் ஒரு வேட்டியோ சால்வையோ பைக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

கோயிலடியில்தான் இராவணன் வெட்டு. 300 அடிக்கு மேல் நேர்குத்தாகக் கடலுக்குள் இறங்கும் பாறை. பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய சின்னத் தொட்டில்கள் மரக்கிளையில் ஆடிக்கொண்டிருக்கும். வேலிக்கு அப்பால் இறங்கி நின்று போட்டோ எடுக்க வேண்டாம், கடற்காற்றின் ஈரத்தில் பாறை வழுக்கும்.

பங்குனியிலிருந்து ஆவணி வரை, கடல் தட்டையாகக் கிடக்கும் காலை என்றால் அந்த முனையில் பொறுமையாக நின்று பாருங்கள். திருகோணமலைக் கடலில் மிக ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு வெகு கிட்ட வரை வருகிறது. ஆழ்கடலில் திரியும் நீலத்திமிங்கிலம் மலையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியுமளவு நெருங்கி வருவது அதனால்தான். முதலில் தெரிவது முதுகு அல்ல, மூச்சு. வெள்ளையாக நேரே மேலே எழும்பி, காற்றில் சாய்ந்து கலைந்துவிடும். கண்ணை எடுக்காமல் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றால் சற்று நேரத்தில் அடுத்த மூச்சு எழும்பும். பக்கத்தில் நிற்பவருக்கும் காட்டிக் கொடுங்கள்.

ஆறு, ஆறரைக்கு ஏறத் தொடங்கி எட்டரைக்குள் இறங்கிவிடுங்கள். வெள்ளிக்கிழமை, போயா தினம், நீண்ட விடுமுறை வரும் நாட்களில் வாகனம் நெருக்கும், நடக்க இடமிருக்காது.

மான்களுக்கு ஏதாவது சாப்பிடக் கொடுக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். கோட்டைக்குள் மட்டுமல்ல, பத்திரகாளி அம்மன் கோயிலடி, மக்கெய்சர் மைதானச் சுற்று, கடற்கரை என்று நகர் முழுக்கவும் இந்த மான்கள் திரிகின்றன. மனிதர் கொடுத்துக் கொடுத்தே பழக்கிவிட்டோம். சொப்பிங் பை சரசரத்தால் போதும், தலையைத் தூக்கிக்கொண்டு கிட்ட வந்துவிடும். வடை கிடைக்காவிட்டால் வடை சுற்றிய பையைச் சாப்பிடும். அசைபோடும் மிருகத்தின் வயிற்றில் போன பொலித்தீன் செரிக்கவும் மாட்டாது, வெளியே வரவும் மாட்டாது. உள்ளேயே திரண்டு கிடக்கும். வயிறு நிரம்பியதுபோலக் காட்டிக்கொண்டே மான் மெலிந்து செத்துப்போகும். பிஸ்கட் நீட்டும் பிள்ளையின் சந்தோசம் எனக்கும் விளங்குகிறது. ஆனால் எட்ட நின்று பார்க்கப் பழக்குவதுதான் அந்தப் பிள்ளைக்கும் மானுக்கும் நல்லது. கொம்புள்ள ஆண் மான் திடீரென்று தலையை ஆட்டினால் முகத்தில் பட்டுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முழங்கால் நோ, மேடு ஏற முடியாது. மட்டமான இடம் எது?

டச்சுக் குடாக் கடற்கரையும் அதை ஒட்டிய வீதியும். அதிகாலையிலும் மாலை ஐந்துக்குப் பிறகும் ஊர்ச்சனம் நடமாடும். மணலில் கால் புதையும் என்பவர்கள் வீதியோரமாக நடக்கலாம். மாலையில் கச்சான் விற்பவர்கள், பட்டம் விடும் பிள்ளைகள் என்று கலகலப்பாக இருக்கும்.

உள்துறைமுக வீதி இன்னொன்று. திறந்த கடல் இரையும் சத்தம் இல்லாமல், மலைகள் சூழ்ந்த துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். கடற்படைப் பகுதி கிட்ட இருப்பதால் கண்ட இடத்திலும் கமராவை நீட்டாதீர்கள்.

உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை கடற்கரையாலேயே நடந்து போகலாமா?

முழுத் தூரமும் ஒரே மூச்சில் முடியாது. சல்லி, சாம்பல்தீவுப் பக்கம் களப்பு வாய் குறுக்கே வரும். தண்ணீர் குறைந்த காலத்தில் ஊர்ப் பிள்ளைகள் இறங்கிக் கடப்பார்கள், அதைப் பார்த்து நீங்களும் இறங்க வேண்டாம். வாய் வெட்டுப்பட்டிருக்கும்போது இழுவை பலமாக இருக்கும், அடிமணலும் நாளுக்கு நாள் இடம் மாறும். வீதிக்கு ஏறிப் பாலத்தால் கடந்து, அந்தப் பக்கம் மீண்டும் கரைக்கு இறங்குங்கள். அல்லது ஒரு நாள் உப்புவெளியிலிருந்து சல்லி வரை, இன்னொரு நாள் நிலாவெளியில் இறங்கி இறக்கக்கண்டிப் பாலம் வரை என்று பிரித்துக்கொள்ளுங்கள். நகரிலிருந்து நிலாவெளிக்கு 16 கிலோமீற்றர் அளவு.

இரண்டில் எதைச் சொல்வீர்கள் என்றால் நிலாவெளியிலிருந்து வடக்கே நடப்பதைத்தான் சொல்வேன். ஹோட்டல்கள் குறையக் குறையக் கரை அகலும். அலை நனைத்துவிட்டுப் போன மணலில் நடந்தால் கால் புதையாது, களைப்பும் தெரியாது. மேட்டுப் பக்கம் அடம்பன் கொடி ஊதாப்பூவோடு படர்ந்திருக்கும். அதற்கு மேலே இராவணன் மீசை. ஊசி ஊசியாக விறைத்த இலையுள்ள புல். காய்ந்ததும் அதன் பெரிய உருண்டைத் தலை கழன்று, காற்று அடிக்கும் பக்கம் கரை நெடுக உருண்டோடும். ஓடுகிற வழியில் விதையையும் உதிர்த்துக்கொண்டே போகும். சின்னப் பிள்ளைகள் அதன் பின்னால் ஓடுவார்கள். வெறுங்கையால் பிடித்தால் குத்தும். இந்தக் கொடியும் புல்லும்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன, அதனால் அவற்றின் மேல் ஏறி நடக்காமல் ஈர மணலோடு போவது கரைக்கும் நல்லது.

காலையில் போனால் கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம். விடியமுன்னம் வள்ளத்தில் கொண்டுபோய் வளைத்து விட்ட வலையின் இரண்டு கயிறும் கரையில் இருக்கும். இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று, ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் எடுத்துச் சொல்லி, குதிக்காலை மணலில் ஊன்றிப் பின்னால் பின்னால் நடப்பார்கள். கடைசி ஆள் வந்த கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு மறுபடி முன்னால் ஓடிப்போய்ப் பிடிப்பார். மீன் சேரும் வலையின் மடி கரைக்கு நெருங்க நெருங்க இரண்டு வரிசையும் ஒன்றை ஒன்று நெருங்கும். அந்த நேரம் குறுக்கே நடப்பதும் கயிற்றைத் தாண்டுவதும் கூடாது. இறுகிய கயிறு ஆளையே தட்டி விழுத்தும். பின்பக்கமாக, மீனவர் தங்கும் வாடிகளின் பக்கத்தால் சுற்றிப் போங்கள். ஒரு கை பிடிக்கலாமா என்று கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே இடம் விடுவார்கள். உழைப்பு எவ்வளவு, மடியில் வருவது எவ்வளவு என்று கிட்ட நின்று பார்த்த பிறகு மீன் விலையைப் பேரம் பேச மனம் வராது.

வெறுங்காலோடு நடக்க ஆசைப்படுபவர்கள் வாடிகள் உள்ள இடத்தில் மட்டும் செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். அறுந்த தூண்டிலும் மீன் முள்ளும் மணலுக்குள் கிடக்கும். உப்புவெளியில் நிலாவெளி வீதியோரம் போர்க் கல்லறை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களை அடக்கம் செய்த, நன்றாகப் பராமரிக்கும் இடம். 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தைக் குண்டு வீசித் தாக்கின. நடையின் நடுவில் பத்து நிமிடம் அமைதியாக உள்ளே போய் வரலாம்.

எந்த மாதம் நல்லது?

தை பிற்பகுதி, மாசி, பங்குனி. மாரி ஓய்ந்து, குளம் நிரம்பி, காடு பச்சையாக நிற்கும். வெயிலும் இன்னும் ஏறியிருக்காது. மற்றவர்கள் கடல் குளிக்கும் காலத்தையே நல்ல காலம் என்பார்கள், நடப்பவருக்கு அது பொருந்தாது. வைகாசியிலிருந்து கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று தரைப் பக்கமிருந்து அடிக்கத் தொடங்கினால் கடல் அமைதியாகிவிடும், ஆனால் காலை ஒன்பதுக்கே தரை அனலாகும். அந்த மாதங்களில் விடியற்காலையும் அந்தியும் மட்டும்தான் நடை. பாலைப்பழமும் வீரைப்பழமும் வருவது அந்தக் கோடையில்தான் என்பது ஒரு ஆறுதல்.

ஐப்பசிக் கடைசியில் வாடை திரும்பி, கார்த்திகை, மார்கழியில் மழை கொட்டும். கடல் கரையை அரிக்கும், காட்டுப் பாதையில் வெள்ளம் குறுக்கிடும். அந்தக் காலத்தில் கோட்டைக்குள் நடப்பதே போதும்.

புறாத்தீவு நடக்கிற இடமா?

நடையென்று பார்த்தால் கொஞ்சம்தான். நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ 1 கிலோமீற்றர் தூரத்தில் உள்ள தீவு, பெரியது 200 மீற்றர் நீளம் அளவு. ஆனாலும் நகருக்கு மிகக் கிட்ட உள்ள தேசிய பூங்கா இதுதான். 1963இல் சரணாலயம் ஆக்கினார்கள், 2003இல் தேசிய பூங்காவாக அறிவித்தார்கள். போட் பிடித்துப் போக வேண்டும், வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு வேறு எடுக்க வேண்டும். பாறைக்கு மேல் ஏறும் சிறு பாதையில் போனால் மாடப்புறாக்களையும் நான்கு பக்கக் கடலையும் பார்க்கலாம்.

பவளத்தின் மேல் காலை வைக்காதீர்கள். கல் என்று நினைத்து ஏறி நிற்கிறார்கள், அது உயிருள்ளது. ஒரு மிதியில் உடைவது திரும்ப வளர வருடக்கணக்காகும். உடைந்த துண்டுகளைப் பொறுக்கி வருவதும் தடை. செட்டை நுனி கறுத்த சிறு சுறாக்கள் ஆழமில்லாத தண்ணீரில் திரியும், துரத்தாவிட்டால் ஒன்றும் செய்யா.

கொஞ்சம் மலை ஏற ஆசை. எங்கே?

மலைநாட்டு ஏற்றம் இங்கே கிடையாது. சின்னச் சின்னப் பாறைக் குன்றுகள்தான்.

வடக்கே 45 கிலோமீற்றர் அளவில் திரியாய். படிகள் ஏறினால் தூபியைச் சுற்றி வட்டமாகக் கட்டிய பழைய பௌத்த மண்டபமான வட்டதாகையின் கல்தூண்கள், சுற்றி மரங்கள், தூரத்தில் கடல். ஏற்றம் பெரிதில்லை, நிழல் இருக்கிறது, பிள்ளைகளும் ஏறுவார்கள். வழிபாட்டிடம் என்பதால் உடையும் செருப்பும் கவனம். புல்மோட்டைப் பக்கம் இன்னும் போனால் அரிசிமலைக் கடற்கரை. அரிசிக் குருணை அளவு பருத்த மணல், வெறுங்காலில் வித்தியாசமாக இருக்கும்.

கிட்டவே வேண்டுமென்றால் கன்னியா. அநுராதபுர வீதியில் நகரிலிருந்து 8 கிலோமீற்றர் அளவு. ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம். இராவணன் தாய்க்குக் கடன் கழித்த இடம் என்பது ஐதீகம், இன்றும் இறந்தவர்களுக்கான கிரியை செய்ய வருகிறார்கள். அந்தியேட்டிக்கு வந்த குடும்பம் நிற்கும்போது சத்தம் போடாமல் ஒதுங்கி நில்லுங்கள். நடந்து களைத்த காலுக்கு ஒரு வாளி வெந்நீர் ஊற்றினால் எவ்வளவு சுகம் என்பது அனுபவித்தவருக்குத்தான் தெரியும். சோப், ஷாம்பு கொண்டுபோக வேண்டாம்.

கன்னியாவுக்கு அப்பால் பெரியகுளத்துப் பக்கம் வெல்கம் விகாரை, பழைய ஆட்கள் நாதனார் கோயில் என்பார்கள். சோழர் காலத்தில் தமிழ்ப் பௌத்தர்கள் வழிபட்ட பள்ளி அது. இராசராசப் பெரும்பள்ளி என்ற பெயரோடு தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே கிடைத்திருக்கின்றன. நம் வரலாற்றில் நம்மிடமே அதிகம் பேசப்படாத ஒரு பக்கம். அவசியம் பாருங்கள். அந்த வழி காட்டை ஒட்டிப் போவதால் தனியே நடக்காமல் வாகனத்தில் போய், இறங்கிச் சுற்றிப் பாருங்கள்.

குளக்கட்டில் நடக்கலாமா?

கந்தளாய்க் குளக்கட்டை விட அழகான காலை நடை மாவட்டத்தில் குறைவு. ஒரு பக்கம் தண்ணீர் விரிந்து கிடக்கும், மறு பக்கம் கீழே வயல். குளக்கோட்டன் கட்டியது என்பது நம் மரபு. 1986 ஏப்ரல் 20ஆம் தேதி அணை உடைந்து உயிர்களும் ஊர்களும் போயின, பிறகு திருப்பிக் கட்டினார்கள். மதகடியிலும் நாணல் அடர்ந்த ஓரத்திலும் கால் நனைக்க இறங்காதீர்கள், முதலை உண்டு. மாலை ஐந்துக்கு முன்னமே கட்டை விட்டு இறங்கிவிடுங்கள், தண்ணீருக்கு யானை வரும் நேரம்.

தம்பலகாமத்தில் வயல் வரம்பு நடை பச்சை நிற்கும் காலத்தில் கண்ணுக்குக் குளிர்ச்சி. வரம்பை மிதித்து உடைக்காமல் ஒருவர் பின் ஒருவராக நடவுங்கள். விதைத்த புதிதில் இறங்கவே வேண்டாம். ஆதிகோணேசர் கோயிலிலிருந்து தொடங்குவது வசதி.

கிண்ணியாப் பாலம் 396 மீற்றர், 2009 ஒக்டோபரில் திறந்தது, அப்போது நாட்டின் மிக நீளமான பாலம் என்றார்கள். மாலைக் காற்று வாங்க ஊரே அங்கே வரும்.

யானைக்குப் பயம். எப்படித் தெரிந்துகொள்வது?

பயப்படத்தான் வேண்டும். கந்தளாய், முதலிக்குளம், கோமரங்கடவலை, சேருவில் பக்கங்களில் யானை நடமாட்டம் சாதாரணம். மாலை ஐந்திலிருந்து காலை ஏழரை வரை காட்டோர வழிகளில் நடக்கவே கூடாது. நகரிலும் கரையிலும் ஆறு மணிக்குத் தொடங்கச் சொன்ன நான் இங்கே ஏழரைக்கு முன் வேண்டாம் என்கிறேன்.

அறிகுறிகள் நிலத்திலேயே இருக்கும். யானைப் பிண்டம், அதாவது சாணம், ஈரமாக, வண்டு மொய்க்காமல் கிடந்தால் யானை கிட்டத்தான். பாலை, வீரைக் கிளை புதிதாக முறிந்து, முறிந்த இடம் இன்னும் வெள்ளையாக இருந்தாலும் அப்படித்தான். காட்டுக்குள் கிளை சடசடத்தால் நின்று கேளுங்கள். தொடர்ந்து ஒரே இடத்தில் சடசடத்தால் மேய்கிறது. சத்தம் சட்டென்று நின்றுவிட்டால் அது உங்களைக் கண்டுவிட்டது. கதைக்காமல், முகத்தை அந்தப் பக்கமே வைத்துக்கொண்டு, வந்த வழியே மெல்லப் பின்வாங்குங்கள். கல் எறிவது, விசில் அடிப்பது, படம் எடுக்க நெருங்குவது எதுவும் வேண்டாம். தனி ஆண் யானையும் குட்டியோடு நிற்கும் யானையும் மிக ஆபத்து.

மின்வேலியைத் தொடவோ அதற்கு அப்பால் போகவோ கூடாது. பயிர் காக்க, இறைச்சிக்கு என்று சிலர் சட்டத்துக்கு மாறாகக் கம்பியில் கரண்ட் விடுவதும், பன்றிக்கு வெடி வைப்பதும் உண்டு. பழகிய தடத்தை விட்டுப் பற்றைக்குள் இறங்க வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் காரணம். வனசீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992.

மிதிவெடி இருக்குமோ என்று பயம். எப்படி நடப்பது?

மக்கள் அன்றாடம் நடமாடும் வழிகளில் நடவுங்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால் அதற்கு அப்பால் ஓர் அடியும் வைக்காதீர்கள். பழைய பதுங்குகுழி, முட்கம்பி, கைவிட்ட அரண் உள்ள பற்றைகளுக்குள் போகாதீர்கள். துருப்பிடித்த இரும்பு எதையும் காலால்கூடத் தட்டாமல் இடத்தை நினைவில் வைத்து 119க்குச் சொல்லுங்கள்.

பாம்பு கடித்தால்?

கடித்த இடத்தை வெட்டுவதும் உறிஞ்சுவதும் இறுக்கிக் கட்டுவதும் கூடாது. மோதிரம், காப்பு, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, ஆளை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் 1990, காசு இல்லை. பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ நேரம் போக்க வேண்டாம். தூரத்திலிருந்து போட்டோ எடுக்க முடிந்தால் போதும்.

புடையன் பாம்பு காய்ந்த சருகோடு சருகாகக் கிடக்கும். சருகு மூடிய இடத்தில் காலை வைக்கமுன் தடியால் தட்டுங்கள். களப்போரத்தில் தில்லை மரக் கிளையை முறிக்காதீர்கள், பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தெருநாய் கடித்தால் சோப்போடு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும்.

மின்னேரியா, கவுடுல்ல போன்ற பூங்காக்களில் இறங்கி நடக்கலாமா?

முடியாது. அங்கே ஜீப்பில்தான் பார்க்க வேண்டும், குறித்த இடங்கள் தவிர வேறெங்கும் இறங்க விடமாட்டார்கள். நடைக்கு ஆசைப்பட்டு அவ்வளவு தூரம் போய் ஏமாற வேண்டாம்.

பெண்கள் தனியாக நடக்கலாமா?

டச்சுக் குடா, கோட்டை, உப்புவெளி ஆகிய இடங்களில் காலையில் நிறையப் பெண்கள் நடக்கிறார்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் பேச்சுத் துணையும் ஆகும், இடையில் விட்டுவிடாமல் தொடரவும் முடியும். ஆளரவம் இல்லாத கரை, சவுக்கங்காடு, குளக்கட்டு என்பவற்றுக்குத் தனியே போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெண் என்பதற்காகக் கட்டுப்படுத்துவது அல்ல இது, அந்த இடங்களுக்கு ஆணும் தனியே போகக்கூடாது. எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

என்ன கொண்டுபோக வேண்டும்?

தண்ணீர் எவ்வளவு என்று நினைக்கிறீர்களோ அதன் இரண்டு மடங்கு. தொப்பி, தேசிக்காய் ஒன்று, கொஞ்சம் உப்பு, ஒரு சின்ன ரோச், பிளாஸ்டர். சீனி வருத்தம் உள்ளவர்கள் இனிப்பு ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள், வெறும் வயிற்றில் நீண்ட தூரம் நடக்காதீர்கள். பழகிய சப்பாத்தே நல்லது, புதிது வாங்கிய அன்றைக்கு மலை ஏற வேண்டாம். குப்பை போட ஒரு பை கட்டாயம். காட்டிலும் கரையிலும் குப்பைத்தொட்டி தேடிப் பயனில்லை, கொண்டுபோனதை வீட்டுக்கே கொண்டுவாருங்கள்.

பஸ்ஸில் போய் வர முடியுமா?

நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை, கிண்ணியா, மூதூர், கந்தளாய் எல்லாவற்றுக்கும் நகரப் பஸ் நிலையத்திலிருந்து பஸ் உண்டு. கன்னியாவுக்கு அநுராதபுர வீதியால் போகும் பஸ்ஸில் சந்தியில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும். இறங்கும்போதே திரும்பும் கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். திரியாய்ப் பக்கம் மாலையில் பஸ் குறைவு.

கதிர்காமப் பாதயாத்திரையோடு ஒரு நாள் சேர்ந்து நடக்கலாமா?

நடக்கலாம். இந்த மாவட்டத்தின் மிக நீண்ட, மிகப் பழைய நடைவழி அதுதான் என்று சொல்வேன். செல்வச்சந்நிதியில் வேலெடுத்துப் புறப்படும் அடியார்கள் முல்லைத்தீவுக் கரையால் வந்து, குச்சவெளி, நிலாவெளி, திருகோணமலை, மூதூர் தாண்டி வெருகல் சித்திரவேலாயுதர் கோயிலடியில் மாவட்ட எல்லையைக் கடப்பார்கள். பிறகு மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை, குமண, யால காடு என்று கதிர்காமம் வரை ஒன்றரை மாதத்துக்கு மேல் நடை. ஆடி விழாக் கொடியேற்றத்தைப் பொறுத்துப் புறப்படும் நாள் ஆண்டுக்காண்டு மாறும். பெரும்பாலும் வைகாசி, ஆனியில் இந்தப் பக்கம் வருவார்கள்.

கூட்டத்தின் தலைவரிடம், வேல் தாங்கி வரும் சுவாமியிடம், முதலில் போய்க் கேளுங்கள். மீன், இறைச்சி தவிர்த்து, குளித்து, எளிய உடையில் வாருங்கள். அவர்கள் மூன்று மணிக்கே எழும்பி இருட்டோடு நடக்கத் தொடங்கி, வெயில் ஏறியதும் கோயில் மடத்திலோ மர நிழலிலோ தங்கிவிடுவார்கள். இருட்டில் கூட்டத்தை விட்டு முன்னாலும் பின்னாலும் பிரிந்து போகக்கூடாது. பெரும்பாலானோர் வெறுங்காலோடு நடப்பார்கள். பழக்கமில்லாதவர் செருப்போடு நடந்தால் குறை சொல்ல மாட்டார்கள், தார் வீதி சுட்டுக் கால் கொப்பளித்தால் அடுத்த நாள் எழும்ப முடியாது. வழியில் ஊர்ச்சனம் மோரும் கஞ்சியும் சோறும் கொடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்லாமல் கொஞ்சமாவது வாங்கிக்கொள்ளுங்கள். உங்களால் முடிந்தால் ஒரு சாக்கு அரிசியோ கொஞ்சம் பருப்போ முதல் நாளே அவர்கள் தங்கப்போகும் கோயிலில் ஒப்படையுங்கள். திரும்பி வருவதற்கு மூதூரிலிருந்து பஸ் இருக்கிறது.